ஒன்பதாவது புரோகிராம்

என் வாழ்நாளில் நான் எழுதிய புரோகிராம்களில் ஒன்றே ஒன்றைத்தான் மற்றவர்கள் பயன்படுத்தினார்கள். அது தப்பான புரோகிராம். எட்டு வருடம் அது தப்பு என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு நான் செய்ததுதான் இப்போது என்னை எழுத வைக்கிறது. வாயால் யாரிடமும் சொல்ல எனக்குத் துப்பில்லை, அதனால் எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் பொட்டல் காட்டில் நிற்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாத்தியாராக இருக்கிறேன். நான் டாக்டர் பட்டம் வாங்கியது கோட்பாட்டில். ஒரு கணக்கைப் போட எந்த இயந்திரமாக இருந்தாலும் குறைந்தது இத்தனை படிகள் வேண்டும், அதற்குக் கீழே இறங்கவே முடியாது என்று நிரூபிக்கிற வேலை. ஆறு வருடம் அதைச் செய்தேன். அந்த ஆறு வருடத்தில் கம்ப்யூட்டர் எனக்குப் பயன்பட்டது ஆய்வேட்டை அடிக்கவும் ரயில் டிக்கெட் எடுக்கவும்தான். இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். சரி என்று நிரூபித்துவிட்டால் அப்புறம் ஓட்டிப் பார்க்க என்ன இருக்கிறது என்பது என் கட்சி. கோடிங் செய்கிறவர்கள் கொத்தனார், நாமெல்லாம் பிளான் போடுகிற ஆள் என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். எந்தக் கொத்தனார் காதிலாவது விழுந்திருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பார்.

ஊரில் இதெல்லாம் செல்லுபடியாகாது. கோட்டையூரில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமனாரின் தம்பி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

“மாப்ள, நீங்க கம்ப்யூட்டருக்கே டாக்டர்னு சொன்னாக. இதைக் கொஞ்சம் பாருங்க, ரெண்டு நாளா படம் ஓடுது, சத்தம் வரலை.”

“எனக்கு இதெல்லாம் தெரியாது மாமா. என் வேலை வேற.”

“அப்ப என்னத்தைத்தான் மாப்ள அத்தனை வருசம் படிச்சீக?”

வரிசை முழுக்கச் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த பையன் போனை வாங்கி எதையோ அழுத்தினான், சத்தம் வந்துவிட்டது. நான் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து கை கழுவப் போனேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். உங்கள் ஆட்களுக்குப் படிப்பு என்றால் என்னவென்றே தெரியவில்லை என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனி லேப் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரிகளில் லேப் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு புரோகிராம். அவை எல்லாம் லேப் மேனுவல் என்ற புத்தகத்தில் அச்சாகி இருக்கும். ஒவ்வொன்றையும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் அடித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு அதை ரெக்கார்டு நோட்டில் கையால் எழுத வேண்டும். புரோகிராமையும் கையால், அது தருகிற விடையையும் கையால். நாடே காகிதத்தை விட்டுவிட்டது, டீக்கடையில் போனைக் காட்டிக் காசு கொடுக்கிறோம். கேட்டால் போனே புரோகிராம் எழுதித் தருகிறது. அந்தப் புரோகிராமையும் எங்கள் பிள்ளைகள் மார்ஜின் போட்டு, நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி வாத்தியாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாத ரெக்கார்டோடு வந்தால் பிராக்டிகல் பரீட்சைக்கு உள்ளே விடமாட்டோம். கையெழுத்துப் போடுகிற வாத்தியார் நான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாடத்திட்டம் மாறியது. மேனுவலைப் புதுப்பிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பதினொரு புரோகிராம் பழைய மேனுவலிலேயே இருந்தது. ஒன்பதாவது மட்டும் புதிது. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குகிற ஒரு முறை. அது சரியான முறை என்பதை நான் வகுப்பில் கரும்பலகையில் இருபது நிமிடத்தில் நிரூபிப்பேன், எனக்கு மிகவும் பிடித்த நிரூபணங்களில் அது ஒன்று. அதனால் யாரையும் கேட்காமல் நானே எழுதினேன். ஸ்டாஃப் ரூமில் மேஜையில் உட்கார்ந்து, கோட்பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேனாவால். மாதிரிக்கு எட்டு எண்கள் கொடுத்தேன்: 44, 12, 91, 7, 63, 28, 35, 19. விடையையும் நானே எழுதினேன்: 7, 12, 19, 28, 35, 44, 63, 91. எட்டு எண்ணை அடுக்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போதும், இதற்குக் கம்ப்யூட்டரைப் போடுவானேன் என்று நினைத்தேன். அப்படியே அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் ஆசிரியர் என்று என் பெயர், பெயருக்கு முன்னால் முனைவர்.

கோட்பாட்டுப் புத்தகத்தில் வரிசை ஒன்றிலிருந்து தொடங்கும். முதல் எண், இரண்டாம் எண் என்று. மனிதர்கள் எண்ணுவது போல. லேப்பில் பயன்படுத்துகிற மொழியில் வரிசை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் எண் இருக்கும் இடத்துக்குப் பெயர் பூஜ்யம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். எண்களை வாங்கும்போது பூஜ்யத்திலிருந்து வாங்கினேன், அடுக்கும்போது புத்தகத்தைப் பார்த்து ஒன்றிலிருந்து அடுக்கினேன். அவ்வளவுதான் விஷயம். ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் ஓட்டிப் பார்க்கவில்லை. எட்டு வருடம், வருடத்துக்கு அறுபது பிள்ளைகள், ஒருத்தரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ரெக்கார்டு ஒவ்வொன்றிலும் ஒன்பதாவது புரோகிராமுக்குக் கீழே 7, 12, 19 என்று அழகாக எழுதியிருக்கும். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு பெண் வந்தாள். டிப்ளமோ முடித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவள். மற்ற பிள்ளைகளைவிட இரண்டு வயது மூத்தவள். பள்ளத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்குக் கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயல், தண்ணீர் இல்லாத வருடத்தில் கூலி வேலை. இடையில் இரண்டு வருடம் அவள் வேலை பார்த்திருக்கிறாள். கானாடுகாத்தானில் பெரிய வீடுகள் சிலவற்றை ஓட்டலாக மாற்றி நடத்துகிறார்களே, அவர்களுக்கு அறை பதிவு செய்கிற புரோகிராமை ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார், அதைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஒரு தடவை ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டதாம். டெல்லியிலிருந்து வந்தவர்கள் வாசலில் பெட்டியோடு நின்றிருக்கிறார்கள். மேனேஜர் அத்தனை பேருக்கு முன்னால் அவளைத்தான் பிடித்துக் கத்தினாராம். அதிலிருந்து எதையும் ஓட்டிப் பார்க்காமல் நம்புவதில்லை சார் என்று ஒரு நாள் வகுப்பில் சொன்னாள். நான் நிரூபணத்தை முடித்துச் சாக்பீஸைக் கீழே வைத்த நேரம் பார்த்துச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. “நீ கொத்தனார் வேலை பாத்துட்டு வந்திருக்க, அப்படித்தான் பேசுவ” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். எங்கள் கல்லூரிக்குக் கம்பெனிகள் வருவதில்லை. வருடத்துக்கு ஒரு முறை மதுரையில் ஒரு பெரிய கல்லூரியில் எல்லோரையும் சேர்த்து நேர்முகம் வைப்பார்கள், எங்கள் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவோம். அதில் ஒரே ஒரு கம்பெனி, மார்க்கைப் பார்க்காமல் நாள் முழுக்க உட்கார வைத்துப் புரோகிராம் எழுதச் சொல்லி ஆள் எடுக்கும். அதற்குத்தான் அவள் இரண்டு வருடமாகத் தயார் செய்துகொண்டிருந்தாள். போகிற எங்கள் பிள்ளைகளில் யாராவது ஒருத்தருக்கு அது கிடைக்குமென்றால் இவளுக்குத்தான் என்று துறையில் எல்லோரும் சொன்னோம், நான் உட்பட. ஒரே நிபந்தனை, எந்தப் பாடத்திலும் அரியர் இருக்கக் கூடாது. ஒரு பாடம் போயிருந்தாலும் பட்டியலில் பெயர் வராது.

மூன்றாம் ஆண்டில் என் லேப். பருவ முடிவில் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு மடமடவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் நோட்டில் ஒன்பதாவது புரோகிராமில் என் பேனா நின்றது. விடை என்ற தலைப்புக்குக் கீழே 44, 0, 7, 12, 19, 28, 35, 63 என்று எழுதியிருந்தாள். முதல் எண் நகராமல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. யாருமே கொடுக்காத ஒரு பூஜ்யம் உள்ளே வந்திருக்கிறது. 91 காணவே காணோம். அதற்குக் கீழே, வழக்கமாக எல்லோரும் சரிபார்க்கப்பட்டது என்று எழுதுகிற இடத்தில், விடை சரியாக வரவில்லை என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டு அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

“என்னம்மா இது?”

“சார், மேனுவல்ல இருக்கிறதை அடிச்சா இதுதான் சார் வருது. நாலு தடவை ஓட்டிப் பாத்தேன்.”

“தப்பா அடிச்சிருப்ப.”

“இல்ல சார். சீரோல இருந்து வாங்கிட்டு ஒன்னுல இருந்து அடுக்குது. ரெண்டு இடத்துல மாத்தினா சரியா வருது. மாத்தி வச்சிருக்கேன், காட்டவா சார்?”

ஸ்டாஃப் ரூமில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். டீ குடித்துக்கொண்டு காதை இந்தப் பக்கம் கொடுத்திருந்தார்கள்.

“அல்காரிதம் சரின்னு போர்டுல ப்ரூவ் பண்ணிக் காமிச்சேனா இல்லையா?”

“காமிச்சீங்க சார்.”

“அப்புறம் மெஷின் என்ன சொல்லுதுங்கிறதை எனக்கு வந்து சொல்றியா? மேனுவல்ல என்ன இருக்கோ அதை எழுது. ஒரு வரி மாத்தினாலும் கையெழுத்து கிடையாது.”

“சார், ஒரே ஒரு தடவை நீங்க ஓட்டிப் பாருங்க சார்.”

நோட்டை மேஜை மேல் தூக்கிப் போட்டேன். அது வழுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதிக் கொண்டுவந்தாள், 7, 12, 19, 28 என்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீயா நானா, பார்த்துவிட்டாயா என்று உள்ளுக்குள் ஒரு கொக்கரிப்பு வேறு.

அன்று சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பழக்கம், நிரூபணத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது. ஒன்பதாவது புரோகிராமை வரி வரியாக நினைவுக்குக் கொண்டுவந்தேன், நான் எழுதியதுதானே, மனப்பாடம். பூஜ்யம் என்று ஆரம்பித்தது. அடுத்த வரிக்கு வந்தேன். ஒன்று. என் ஸ்டாப் வந்தும் இறங்க மறந்துவிட்டேன். கண்டக்டர்தான் “சார், எறங்கலையா?” என்று தோளைத் தட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் லேப்புக்குப் போனேன். லேப்பைப் பார்த்துக்கொள்கிற அம்மா மட்டும் இருந்தார், பதினைந்து வருடமாக அங்கே இருக்கிறவர். எனக்கு மெஷினைத் திறந்து கொடுத்துவிட்டு ஒரு மாதிரி பார்த்தார், நான் ஒருநாளும் கீபோர்டில் கை வைத்து அவர் பார்த்ததில்லை. என் புரோகிராமை நானே அடித்தேன். எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஓட்டினேன். 44, 0, 7, 12, 19, 28, 35, 63. அந்தப் பெண் நோட்டில் எழுதியது எண் பிசகாமல் வந்தது.

பழைய பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று பார்க்கத் தோன்றியது. மெஷினில் ஒவ்வொரு வருடத்துப் பிள்ளைகளின் ஃபைல்களும் அழிக்கப்படாமல் கிடந்தன. ஒன்பது என்று பெயரிட்ட ஃபைல்களாகத் திறந்தேன். முதல் ஃபைலில் என் புரோகிராம் முழுக்க இருந்தது, கடைசியில் மட்டும் விடையைக் காட்ட வேண்டிய வரியை எடுத்துவிட்டு, 7, 12, 19, 28, 35, 44, 63, 91 என்று நேராகத் திரையில் பிரிண்ட் செய்கிற ஒரு வரி. அடுத்ததிலும் அதே. அதற்கு அடுத்த வருடத்துப் பிள்ளைகள் அந்தக் கஷ்டம்கூடப் படவில்லை, என் புரோகிராமே இல்லை, பிரிண்ட் வரி மட்டும்தான். எட்டு வருடத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்திருந்தார்கள். எதுவும் அடுக்கப்படவே இல்லை. மேனுவலில் என்ன இருக்கிறதோ அதைக் கம்ப்யூட்டர் திருப்பிச் சொல்லியிருக்கிறது.

“இது உங்களுக்குத் தெரியுமாம்மா?” என்று லேப் அம்மாவிடம் கேட்டேன்.

“ஒம்போது மட்டும் அப்படித்தான் சார். சீனியர் பிள்ளைக ஜூனியருக்குச் சொல்லிக் குடுத்துருவாக. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

எட்டு வருடம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு கல்லூரியே சிரித்திருக்கிறது. அப்போது எனக்கு வந்தது வெட்கம்கூட இல்லை, ஆத்திரம். பிள்ளைகள் மேல், லேப் அம்மா மேல், எல்லோரையும்விட அதிகமாக அந்தப் பெண் மேல். அவள் மட்டும் பேசாமல் பிரிண்ட் போட்டிருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் அன்றைக்கு நினைத்தது அதுதான்.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருந்தது. ஒரு பக்கத்தைத் திருத்தி நகல் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அரை மணி நேர வேலை. ஆனால் அடுத்த மாதம் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது, எட்டு வருட மேனுவலும் ஃபைல்களில் அடுக்கியாகிவிட்டது. இந்த வருடம் மட்டும் ஏன் வேறு என்று கேட்டால் என்ன சொல்வேன்? இப்படி ஒரு காரணத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் அட்டையில் இருந்த முனைவர். பரீட்சையில் குலுக்கி எடுக்கிற பன்னிரண்டு சீட்டில் ஒன்று ஒன்பது, அவள் கைக்கு அது வருவதற்கு வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்றுதான் என்று கணக்கும் போட்டுக்கொண்டேன். நிகழ்தகவு எனக்கு நன்றாக வரும்.

பரீட்சை அன்று வெளியிலிருந்து வந்திருந்த பரீட்சகர் வயதில் சின்னவர். முதல் தடவையாக வெளிக் கல்லூரிக்கு வந்திருக்கிறார், அதனால் எல்லாவற்றையும் உண்மையாகச் செய்தார். மடித்த சீட்டுகளைத் தட்டில் கொட்டி, பிள்ளைகளை வரிசையாக எடுக்கச் சொன்னார். ஒன்பது எடுத்தவர்கள் மூன்று பேர். மூன்றாவதாக எடுத்தது அவள். சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.

முதலில் காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டும், பரீட்சகர் டிக் போட்ட பிறகுதான் மெஷினில் உட்காரலாம். அவள் திருத்திய புரோகிராமை எழுதியிருந்தாள். பரீட்சகர் என் மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டார்.

“சார், மேனுவல்ல ஒன்னுல இருந்து அடுக்குது. இவங்க சீரோல இருந்து எழுதியிருக்காங்க. எது சார் கரெக்ட்?”

அவள் எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுடையதுதான் சரி என்று சொல்ல எத்தனை நேரமாகும்?

“மேனுவல்படிதான் எழுதச் சொல்லியிருக்கேன் சார்” என்றேன்.

அவர் இரண்டு இடத்தில் அடித்து, மேனுவலில் உள்ளபடி மாற்றிக் கொடுத்தார். அவள் மெஷினில் போய் உட்கார்ந்து, அவர் மாற்றிக் கொடுத்ததை அப்படியே அடித்தாள். ஒன்பது எடுத்த மற்ற இரண்டு பேரும் பிரிண்ட் போட்டு முடித்துவிட்டு வெளியே போக அனுமதிக்குக் காத்திருந்தார்கள். அவளும் போட்டிருக்கலாம். அவளுக்கு அந்த வழி தெரியாமல் இல்லை. விடைத்தாளில் 44, 0, 7, 12 என்று எழுதி, கீழே விடை சரியாக வரவில்லை என்றும் எழுதிக் கொண்டுவந்து வைத்தாள்.

பரீட்சகர் குழம்பினார். “மேனுவல் புரோகிராம்தானே சார் இது? நான் ஒரு தடவை அடிச்சுப் பாத்துரட்டுமா?”

“அதெல்லாம் வேணாம் சார். எங்கயாவது தப்பா அடிச்சிருக்கும். மத்தவங்களுக்கெல்லாம் வருதே, பாருங்க.”

அவர் போய் அந்த இரண்டு பேரின் திரைகளைப் பார்த்தார். 7, 12, 19 என்று வரிசையாக இருந்தது. திருப்தியாகத் திரும்பி வந்தார். பிராக்டிகலில் யாரும் ஃபெயில் ஆவதில்லை என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத வழக்கம். உள்ளூர் வாத்தியார் பாவம் பார்த்து இரண்டு வார்த்தை சொல்வார், வெளியாள் பாஸ் மார்க் போட்டுவிடுவார். அவரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் கேட்பேன் என்று காத்திருந்தார். நான் கேட்டால் அவர் பேச்சுக் கொடுப்பார், பேச்சு வளர்ந்தால் ஓட்டிப் பார்க்கிறேன் என்பார்.

“என்ன சார் போட?” என்றார்.

“நீங்க பாத்துப் போடுங்க சார்.”

அவர் போட்டார். பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பிராக்டிகலுக்கு மறுமதிப்பீடு கிடையாது. திரும்ப எழுத அடுத்த வருடம் அதே பருவம் வர வேண்டும். மதுரை நேர்முகம் அதற்கு முன்பே வந்துவிட்டது. பட்டியலை ஒட்டியபோது அவள் பெயர் இல்லை. பஸ் கிளம்பிய அன்று அவள் வகுப்பில் இருந்தாள், கிட்டத்தட்ட காலி வகுப்பு. எனக்குத்தான் அந்த மணி நேரம். பாடம் எடுக்காமல் படிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன்.

அந்த வாரம் அவளுடைய அப்பா வந்தார். வயலிலிருந்து நேராக வந்தவர் போலிருந்தது, சட்டையை மட்டும் மாற்றியிருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே போனேன்.

“நீங்கதான சார் அந்த லேப்பு வாத்தியாரு? இங்குட்டு நிழலுக்கு வாங்க சார், வெயிலா இருக்கு.”

மரத்தடிக்குப் போனோம்.

“எம்மக ஒங்களை எதுத்துப் பேசிருச்சுன்னு கூடப் படிக்கிற பிள்ளைக சொன்னாக. அதுக்கு வாய் கொஞ்சம் சாஸ்தி சார். ரெண்டு வருசம் வேலைக்குப் போயிட்டு வந்ததுல தனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நெனப்பு. நீங்க மனசுல வச்சுக்கிறாதீக.”

“அப்படியெல்லாம் ஒன்னும் இல்லைங்க.”

“நீங்க பெரிய படிப்புப் படிச்சவுக. நீங்க சொல்றதைக் கேட்டு எழுது ஆத்தான்னு சொல்லியிருக்கேன். அடுத்த தடவை கேக்கும் சார். எப்படியாவது பாஸாக்கி விட்ருங்க.”

என் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் மகள் எழுதியதுதான் சரி, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “பாத்துக்கலாங்க” என்றுதான் வந்தது. அவர் கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். என்னை அவர் அடித்திருந்தால்கூட இத்தனை நாள் மனதில் கிடந்து அறுக்காது.

ஆய்வுக் குழு வந்து போனது. மேனுவலைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் நான் அந்தப் பக்கத்தைத் திருத்தவில்லை. இப்போது திருத்தினால் அந்தப் பெண்ணை ஏன் ஃபெயில் போட்டாய் என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம் புதிதாகச் சேர்ந்துகொண்டது. வகுப்பில் அந்த நிரூபணத்தை மட்டும் இப்போதெல்லாம் வேகமாக முடித்துவிடுகிறேன், கொத்தனார் பேச்சை எடுப்பதில்லை.

அடுத்த வருடம் அதே பருவத்தில் அரியர் எழுத அவள் வந்தாள். ஜூனியர் பிள்ளைகளோடு லேப் வாசலில் வரிசையில் நின்றாள். நான் சாவியோடு வந்ததும் வரிசையை விட்டு விலகி என் பக்கம் வந்தாள். ஒரு வருடமாக இதற்குப் பயந்துகொண்டிருந்தேன். கேட்கட்டும், நாலு பேருக்கு முன்னால் கேட்கட்டும், கேட்டுவிட்டால் தேவலை என்றும் ஒரு பக்கம் இருந்தது.

“சார், ஒம்போது வந்தா என்ன எழுதணும் சார்?”

குரலில் கோபம் இல்லை. குத்திக் காட்டவும் இல்லை. மற்ற பிள்ளைகள் கேட்பது போலத்தான் கேட்டாள்.

“நீ மாத்தி எழுதினியே, அது...” என்று ஆரம்பித்தேன்.

“அதை விடுங்க சார். எதுக்கு மார்க் போடுவீங்களோ அதைச் சொல்லிருங்க. எழுதிட்டுப் போயிர்றேன்.”

உள்ளே அந்த வருடத்துப் பரீட்சகர் வந்து உட்கார்ந்திருந்தார், மேனுவல் அவர் முன்னால் மேஜையில் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பூட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“பிரிண்ட் போட்டுரும்மா.”

“சரி சார்” என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.